பச்சைப் புல்லும் வெறுங்காலும்

மாசி மாதம் கோபித்துக்கொண்டு சென்னைக்குப் போன இவானைப் பற்றி அவன் அப்பா சற்குணம் வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. அவருடைய குட்டியானை வண்டி, பின்கதவில் 'சற்குணம் & சன்' என்று சிவப்பு எழுத்தைச் சுமந்துகொண்டு, தினமும் திருத்தணி பஜார் முழுக்க அதைப் பேசிவிட்டு வருகிறது.

"எத்தினி காலத்துக்கு நைனா பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டிகினே இருக்கறது? ஊரெல்லாம் இப்ப தோட்டத்துல குந்தி காபி குடிக்கணும்னு கேக்குது" என்று சொன்னவன் அவன். சொல்லிவிட்டு, பங்களாக்களுக்குத் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அவன் சொன்னது சரிதான் என்று அந்த வீட்டில் நினைத்தவள் ஒருத்திதான். அவன் தங்கை ஹெப்சி.

"அவன் அங்க செய்யறத நாம இங்க செய்யலாமே நைனா" என்று அவள் ஒரு ராத்திரி கேட்டபோது, சற்குணம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒரே ஒரு வேலை. ஒழுங்கா வந்துதுன்னா அடுத்தத பார்க்கலாம். வரலன்னா பாத்ரூமே நமக்கு ராசி" என்றார்.

அந்த ஒரே ஒரு வேலைதான், திருப்பதி ரோட்டில் இருக்கும் சுந்தரமூர்த்தி வீட்டுப் பின்பக்கத் தோட்டம். இன்று அதை ஒப்படைக்கும் நாள். நாளை ஆடிக் கிருத்திகை.

காலையில் கிளம்பும்போது அம்மா பிரேமகுமாரி மகளின் தலையில் கை வைத்து ஜெபம் செய்தாள். "கர்த்தாவே, எம்பொண்ணு வேலையில ஒரு குறையும் இல்லாம பார்த்துக்கும்" என்று முடித்துவிட்டு, கண்ணைத் திறந்து, "ஷூ லேஸ் கட்டிக்கடி" என்றாள்.

ஷூ விஷயத்தில் ஹெப்சிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அரக்கோணத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய்த் தோட்ட வடிவமைப்பு படிக்கிறாள். வேலை நடக்கிற இடத்தில் ஷூ இல்லாமல் கால் வைக்கக் கூடாது என்று வகுப்பில் முதல் நாளே சொன்னார்கள். அன்று மாட்டியதுதான். வீட்டு வாசலில் மாட்டினால் வீட்டு வாசலில்தான் கழற்றுவாள்.

---

சுந்தரமூர்த்திக்கு வேர்க்கடலையும் கரும்பும் விளைகிற நிலம். வீட்டின் பின்பக்கம், ஹெப்சி கை வைக்கும் வரைக்கும், டிராக்டரின் பழைய டயர்களும் ஓடாத பம்புசெட்டும் குடியிருந்த இடம்.

இப்போது பார்த்தால் அது வேறு ஊர் மாதிரி இருந்தது. நடுவில் மரச்சட்டங்களால் ஆன பந்தல். அதன் கால்களில் ஏறத் தொடங்கியிருக்கும் மல்லிகைக் கொடி. சுவரோரமாகச் செங்கல் பூத்தொட்டிகள், தொட்டியோடு சேர்த்தே கட்டிய பெஞ்சுகள். ஒரு மூலையில் தகரக் கூரை போட்ட திறந்தவெளிச் சமையல் மேடை, பக்கத்திலேயே கால் கழுவக் குழாய். பின்கேட்டிலிருந்து குழாய் வரைக்கும், குழாயிலிருந்து பந்தல் வரைக்கும், பச்சைப் பசேலென்று செயற்கைப் புல் விரித்த நடைபாதை.

புல் கேட்டது சுந்தரமூர்த்தியின் மகள் கவிப்பிரியா. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள். போனில் ஒரு தோட்டத்தைக் காட்டி, "அக்கா, இதே பச்சை. ஒரு புள்ளி குறையக் கூடாது" என்று சொல்லியிருந்தாள்.

ஹெப்சி விடிந்ததிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி மறுபடி சரிபார்த்தாள். தண்ணீர் ஊற்றி, அது வடிந்து ஓடும் வாட்டம் பார்த்தாள். புல் விரிப்பின் ஓரங்களை இழுத்துப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அதுவே அவளுக்குக் கவலையாக இருந்தது. தான் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருந்தால், தான் எதையோ பார்க்கவில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

சுந்தரமூர்த்தியின் மனைவி தாயாரம்மாள் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்தாள். வீட்டார் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறங்கினார்கள். ராத்திரி ஈரம் இன்னும் காயவில்லை.

"அடேயப்பா! மெத்தை மேல நடக்கற மாதிரி இருக்குதும்மா" என்றார் சுந்தரமூர்த்தி. ஒருமுறை கேட்டு வரைக்கும் போய்த் திரும்பினார். மறுபடியும் போனார்.

சற்குணம் ஒன்றும் சொல்லவில்லை. தொட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த சிமெண்ட் பொட்டு ஒன்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அவரோடு பல வருஷமாக வேலை செய்யும் டில்லிபாபு, பொதட்டூர்பேட்டைக்காரன், ஹெப்சியின் காதோரம் வந்தான். "மேஸ்திரி ஒண்ணும் பேசலன்னா சந்தோஷமா இருக்காருன்னு அர்த்தம்."

"நிஜமாவா?"

"ஆங். திட்டறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் இருப்பாரு."

சுந்தரமூர்த்தி பின்கேட்டைக் கையால் தட்டிக் காட்டினார். "நாளைக்கு மத்தியானம் பாரும்மா. நகரி பக்கத்துல எங்கக்கா ஊர்லேருந்து காவடி வரும். வருஷா வருஷம் இந்தக் கேட்டு வழியாத்தான் வருவாங்க. காலக் கழுவி, கொஞ்சம் குந்தி, ஒரு வாய் சாப்பிட்டுட்டு மலை ஏறுவாங்க. நூறு பேருக்குக் குறையாது. அத்தினி பேரும் இந்தப் புல்லு மேலதான் நடக்கப் போறாங்க."

ஹெப்சிக்கு உள்ளே ஏதோ ஒன்று நெருடியது. என்னவென்று பிடிபடவில்லை. வாட்டமா? இல்லை. ஓரமா? இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, வழக்கமான பயம்தான் என்று விட்டுவிட்டாள்.

---

உச்சி வேளைக்குப் பங்காரு வந்து சேர்ந்தார்.

சுந்தரமூர்த்தியின் அக்கா வீட்டுக்காரர். காவடிக் கூட்டத்துக்குச் சமையல் ஏற்பாடு பார்ப்பதற்காக ஒருநாள் முன்னதாகவே வருவது அவர் வழக்கம். மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, விரதம். அதனால் காலில் செருப்பு இல்லை. தலையில் ஒரு பெரிய வாழையிலைக் கட்டு.

ஆடிக் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்ததே தவிர வெயிலை ஒன்றும் செய்யவில்லை. பங்காரு பின்கேட்டைத் தள்ளிக்கொண்டு, "ஏமி மச்சான், தோட்டம் சோக்கா இருக்குதே!" என்றபடி புல்லில் காலை வைத்தார்.

நான்கு அடி நடந்தார். ஐந்தாவது அடி நடையாக இல்லை. குதியாக இருந்தது. ஆறாவது அடியில் வாழையிலைக் கட்டு ஒரு பக்கம் பறந்தது. "ஐயோ தேவுடா!" என்று இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, இடது காலும் வலது காலுமாக மாறி மாறி எகிறியபடி, பந்தலை நோக்கி ஓட ஆரம்பித்தார்.

சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த தாயாரம்மாள் இதைப் பார்த்தாள். நாளைக்குக் கிருத்திகை. அண்ணன் மாலை போட்டிருக்கிறார். கையைத் தூக்கி ஆடுகிறார்.

"ஐயய்யோ, சாமி வந்துடுச்சு! கவி, விபூதித் தட்ட எடுடி!"

அவள் கையெடுத்துக் கும்பிட்டபடி ஓடிவந்தாள். அதற்குள் பங்காரு ஒரே தாவலில் பூத்தொட்டி பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு, காலைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார்.

"சாமி! வந்திருக்கறது யாருன்னு சொல்லு சாமி!"

"நான்தாம்மா வந்திருக்கேன், பங்காரு!"

"எங்கேருந்து வந்திருக்க சாமி?"

"நகரியிலேருந்து! பஸ்ஸுல! ஏம்மா, சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல, காலு! காலு வேகுது!"

தாயாரம்மாள் விடுவதாக இல்லை. சாமி வந்தவர் காலுக்கு ஊற்ற வேண்டிய மஞ்சள் தண்ணீரைக் குடத்தோடு கொண்டுவந்து அவர் பாதத்தில் கொட்டினாள். பங்காரு கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

"ஆங்... அங்கதான். இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."

டில்லிபாபு முதலில் சிரித்தான். பிறகு கவிப்பிரியா. பிறகு எல்லோரும். ஹெப்சியும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சுந்தரமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் ஒரு காலை வைப்பதையும், வைத்த வேகத்தில் எடுப்பதையும் பார்த்ததும் அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

காலையில் நெருடியது இதுதான். நூறு பேர் நடப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வெறுங்காலோடு நடப்பார்கள் என்பதும் தெரியும். அவளுக்கு மட்டுமா, திருத்தணியில் பிறந்த கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும். ஆனால் வேலை நடந்த அத்தனை நாளும் அந்த மத்தியான வெயிலில் அவள் ஷூவோடு நடந்தாள். சற்குணம் பூட்ஸோடு. டில்லிபாபு ரப்பர் செருப்போடு. வீட்டார் வெறுங்காலோடு வந்தது இன்று காலையில்தான். குளிர்ந்திருந்த நேரத்தில்.

"இன்னா மச்சான்" என்றார் பங்காரு பெஞ்சின் மேலிருந்தே. "பொண்ணு கட்டிகினு போனவன ஒருநாள் வறுத்து எடுக்கணும்னு எத்தினி வருஷமா காத்துகினு இருந்த?"

"சும்மா இரு பாவா" என்றார் சுந்தரமூர்த்தி. அவர் சிரிக்கவில்லை.

ஹெப்சி பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. அவர் கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அழகாத்தான் செஞ்சிருக்கம்மா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா காவடி எடுத்துகினு எங்கெங்கேருந்தோ நடந்து வர்றவங்க கால் வைக்க முடியாத இடம் எனக்கு எதுக்கு? நாளைக்கு மண்டபத்துல வெச்சிக்கறேன். திருவிழா முடிஞ்சப்புறம் வந்து இத்த எடுத்துடுங்க மேஸ்திரி."

"எடுத்துடலாங்க" என்றார் சற்குணம்.

அவர் வண்டியை நோக்கி நடந்தார். ஹெப்சியைக் கடக்கும்போது நிற்கவில்லை. ஆனால் சொன்னார்.

"பாத்ரூம்ல வெயில் அடிக்காது."

---

ஹெப்சி மிச்சமிருந்த சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாக, தண்ணீர் தெளித்தால்? என்று மனசு தன் வேலையைத் தொடங்கியது. டில்லிபாபு ஒரு வாளி ஊற்றிப் பார்த்தான். புல்லிலிருந்து ஆவி வந்தது. கொஞ்ச நேரத்தில் பழைய சூடு. சாக்கு போட்டால்? ஈரச் சாக்கு காய்ந்து சுருண்டு, காவடியோடு வருகிறவர் காலை வாரிவிடும். புல்லை எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டால்? டைல்ஸ் சுடாதா?

சுடும். எவ்வளவு சுடும்?

தெரியவில்லை. அவளுக்கு அதுதான் உறைத்தது. இத்தனை அளந்தவள், இந்தத் தோட்டத்தில் எது எவ்வளவு சுடும் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தாள். சாக்ஸையும் கழற்றி ஷூவுக்குள் திணித்தாள்.

முதலில் பெஞ்சோரச் சிவப்பு டைல்ஸ். வைத்த காலை உடனே எடுத்தாள். அடுத்தது சாம்பல் நிறச் சிமெண்ட் தரை. பல்லைக் கடித்துக்கொண்டால் கொஞ்சம் தாங்கலாம். குழாயடிக் கருங்கல், வேண்டவே வேண்டாம். புல்லில் வேண்டுமென்றே ஏறி நின்றாள். பங்காரு ஆடியது ஒன்றும் மிகையில்லை என்று புரிந்தது.

"இன்னா ஹெப்சிம்மா, உனக்கும் சாமி வந்துடுச்சா?" என்றான் டில்லிபாபு.

குதித்துக்கொண்டே போனவள், சமையல் மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

நின்றாள் என்பதுதான் விஷயம். குதிக்கவில்லை.

காலடியில் பார்த்தாள். தகரக் கூரைக்கு, சூடு இறங்காமல் இருக்க, வெள்ளைக் கூலிங் பெயிண்ட் அடித்தபோது டில்லிபாபு கவிழ்த்துவிட்ட டப்பாவின் கறை. தாம்பாளம் அகலத்துக்குச் சிமெண்ட் தரையில் காய்ந்து கிடந்தது. அதன் மேல்தான் அவள் இரண்டு பாதமும் இருந்தன. சுடும் என்று காத்திருந்தாள். சுடவில்லை. வெதுவெதுப்பு, அவ்வளவுதான். வலது காலைக் கறைக்கு வெளியே வைத்தாள். சுட்டது. உள்ளே எடுத்தாள். அடங்கியது.

உடனே சந்தேகம் வந்தது. நிழலோ? அண்ணாந்து பார்த்தாள். நேர் வெயில். ஒருவேளை சுட்டுச் சுட்டுத் தன் பாதம்தான் மரத்துப்போய்விட்டதோ?

"கவி! செருப்பக் கழட்டிட்டு இங்க வா!"

"என்னால முடியாதுக்கா. மாமாவுக்கு ஆனது தெரியும் இல்ல?"

"ஓடி வந்து இது மேல மட்டும் நில்லு. சுட்டா என்ன அடி."

கவிப்பிரியா மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஓடிவந்து கறையின் மேல் நின்றாள். சுருக்கிய மூக்கு மெதுவாக விரிந்தது.

"ஜில்லுன்னு சொல்ல முடியாதுக்கா. ஆனா நிக்கலாம்."

நிற்கலாம். அது போதும்.

ஹெப்சிக்குச் சட்டென்று மலையடிவாரம் ஞாபகம் வந்தது. கல் பாவிய தரையின் மேல் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை போகும். தினமும் ஸ்டேஷனுக்குப் போகும்போது பார்ப்பாள். கூட்டம் வரிசையில் போவதற்குப் போட்ட கோடு என்று சின்ன வயசிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு ஷூ போட்டுக்கொண்டு போகிற பெண்ணுக்கு வேறென்ன தோன்றும்? அது வரிசைக்கு இல்லை. வெறுங்காலுக்கு.

---

சற்குணம் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். மகள் வெறுங்காலோடு தெருவில் ஓடி வருவதைப் பார்த்துத் திகைத்தார்.

"ஷூ எங்கடி?"

"புல்லுக்கு அடியில கான்கிரீட் இருக்குது நைனா. நாமதான லெவல் பண்ணோம்? புல்லச் சுருட்டிட்டுக் கூலிங் பெயிண்ட் அடிச்சிடலாம். வெள்ளை சுடல. நான் நின்னு பார்த்தேன். கவியும் நின்னா. இந்த வெயில்ல ரெண்டு கோட்டு சீக்கிரம் காஞ்சிடும். ராஜவேலு வீட்டு மாடிக்கு வாங்கின டப்பா நம்ம ஷெட்லயே இருக்குது. நாளைக்கு வேற வாங்கிக் கொடுத்துடலாம்."

மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். சற்குணம் கையிலிருந்த மட்டப்பலகையைக் கீழே வைத்தார்.

"குழாயடியில காலக் கழுவிட்டு ஈரக்காலோட வருவாங்க. பெயிண்டு அடிச்ச தரை. வழுக்கி, தோள்ல காவடியோட ஒருத்தர் விழுந்தா?"

ஹெப்சியின் முகம் வாடியது. அதை யோசிக்கவில்லை. திரும்பவும் ஒன்றை யோசிக்கவில்லை. பேசாமல் இவர் சொல்வதே சரியோ, பாத்ரூமே ராசியோ என்று நினைத்தபடி தரையைப் பார்த்தாள்.

சற்குணம் வண்டிக்குள் குனிந்து எதையோ இழுத்தார். சல்லடை.

"மணலச் சன்னமா சலிக்கச் சொல்லு. மொத கோட்டு காயறதுக்குள்ள தூவி, அது மேல ரெண்டாவது கோட்டு. வழுக்காது. டில்லி! ஷெட்டுக்குப் போ, டப்பாவ எடுத்தா!"

அப்புறம் அந்தத் தோட்டத்தில் யாரும் சும்மா நிற்கவில்லை, பங்காருவைத் தவிர. அவர் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "நான் கால் போன ஆளு. எனக்கு உத்தரவு போடறது மட்டும்தான் முடியும்" என்று சொல்லி, யாரும் கேட்காத உத்தரவுகளைப் போட்டுக்கொண்டிருந்தார்.

புல்லைச் சுருட்டும்போது கவிப்பிரியா கண்கலங்க நின்றாள். "அப்ப என் பச்சை?"

"தரையில இருந்தாத்தான சுடும்? அந்தப் பக்கச் சுவத்துல எப்பவும் நிழல். மேலேருந்து கீழ வரைக்கும் ஒட்டிடறேன். முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்க."

கவிப்பிரியா சுவரைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "நடுவுல ஒரு விளக்கு வெச்சித் தருவீங்களா?"

"ரெண்டு வெச்சித் தரேன்."

கேட்டுப் பக்கத்திலிருந்து சற்குணம் பெயிண்ட் உருளையைத் தள்ளிக்கொண்டு வந்தார். பந்தல் பக்கத்திலிருந்து ஹெப்சி. நடுவில் இரண்டு வெள்ளையும் சந்தித்தபோது சேர்ந்த இடம் தெரியவில்லை. சற்குணம் அதைக் குனிந்து பார்த்தார்.

"உங்கண்ணன் அடிச்சா கோடு கோடா விழும்" என்றார்.

ஹெப்சி நிமிரவில்லை. மாசி மாதத்துக்கு அப்புறம் அவன் பேச்சு அந்த வாயிலிருந்து வருவது இதுதான் முதல் தடவை. திட்டாகத்தான் வந்தது. வந்ததே போதும் என்று உருளையைத் தொடர்ந்து தள்ளினாள்.

---

இரண்டாவது கோட்டும் காய்ந்து முடிந்தபோது வெயில் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஆனால் சூடு இறங்கவில்லை. பக்கத்துச் சிவப்பு டைல்ஸில் டில்லிபாபு விரலை வைத்து, உதறினான்.

வெள்ளைப் பாதை கேட்டிலிருந்து பந்தல் வரைக்கும் நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் செடி. எதிர்ச்சுவரில் பச்சை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காலையிலும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"பாவா, நடந்து பாரு" என்றார் சுந்தரமூர்த்தி.

"மொதல்ல வேற யாராவது நடங்க. என்கிட்ட மிச்சம் இருக்கறது ரெண்டே காலு."

ஹெப்சி முன்னால் வந்தாள். சற்குணம் கையால் அவளைத் தடுத்தார்.

கேட்டின் அருகே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். சாக்ஸில் கட்டைவிரல் இருக்கும் இடத்தில் ஓட்டை. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. எழுந்து வேட்டி போல் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு, வெள்ளையில் இறங்கினார்.

அவசரமில்லாமல் நடந்தார். நட்ட நடுவில், நிழல் ஒரு இலையளவுகூட இல்லாத இடத்தில், நின்றார்.

ஹெப்சி அவர் முகத்தைப் பார்க்காமல் பாதத்தையே பார்த்தாள். விரல் மடங்குகிறதா? குதிகால் எழும்புகிறதா?

"கொஞ்சம் மோர் கிடைக்குமாம்மா?" என்றார் சற்குணம்.

தாயாரம்மாள் சொம்பில் மோர் கொண்டுவந்து பந்தலடியிலிருந்து நீட்டினாள். "இங்க நிழலுக்கு வந்து குடிங்க மேஸ்திரி."

"இருக்கட்டும். இங்கயே குடிக்கறேன்."

கவிப்பிரியா போய்க் கொடுத்தாள். சற்குணம் வெயிலில் நின்றபடியே சொம்பைத் தூக்கி, நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல் குடித்தார். முழுச் சொம்பு. கடைசிச் சொட்டு வரைக்கும். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

டில்லிபாபு விசில் அடித்தான். சுந்தரமூர்த்தி செருப்பை எங்கோ உதறிவிட்டு இறங்கினார். பின்னாலேயே பங்காரு, முதலில் பெருவிரலை மட்டும் வைத்து, பிறகு பாதி பாதத்தை வைத்து, பிறகு நம்பிக்கை வந்து, கேட்டுக்கும் பந்தலுக்கும் நடுவே காவடி எடுத்தவரைப் போலத் தோளைச் சாய்த்து ஒரு சுற்று ஆடியே விட்டார்.

தாயாரம்மாள் எச்சரிக்கையாகக் கேட்டாள். "அண்ணே, இப்ப சாமியா, காலா?"

"இப்பதாம்மா சாமி!"

சுந்தரமூர்த்தி மகளைக் கூப்பிட்டார். "மண்டபத்துக்காரருக்குப் போன் போட்டு வேணான்னு சொல்லிடும்மா. காவடி நம்ம கேட்டு வழியாத்தான் வரும்." பிறகு ஹெப்சியிடம், "கனகம்மாசத்திரத்துல எங்க சம்பந்தி வீட்டு மாடி சும்மாத்தான் கிடக்குது. திருவிழா முடிஞ்சதும் வந்து பாரு. உன்னத்தான் சொல்றேன்" என்றார்.

ஹெப்சி அப்பாவைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்து சாக்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். "அவகிட்ட தேதி கேட்டுக்கங்க" என்றார் அவர், நிமிராமலே.

---

சாமான்களை வண்டியில் ஏற்றி முடிக்கும்போது தெருவில் ஒலிபெருக்கி கட்டிக் காவடிப் பாட்டு போட்டுவிட்டார்கள். ஹெப்சி உருளைகளைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

சற்குணம் வண்டியின் பின்கதவை மூடிவிட்டு அதன் முன்னால் நின்றிருந்தார். கையில் பெயிண்ட் டப்பா. அடியில் கொஞ்சம் மிச்சம். பிரஷ்ஷைத் தோய்த்து எடுத்தார். 'சன்' என்ற எழுத்தின் மேல் இழுத்தார். ஒரு இழுப்பு. மேலே இன்னொரு இழுப்பு.

'சற்குணம் &' என்று மட்டும் நின்றது. அதற்குப் பக்கத்தில் வெள்ளை.

"நைனா?"

"மிச்சப் பெயிண்டு. வீணாக்கக் கூடாது இல்ல?"

"அந்த இடத்துல இன்னா எழுதப் போறீங்க?"

"மொதல்ல காயட்டும்" என்றார் சற்குணம். ஆனால் அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டு, போகாமல் இருந்தது. பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

ஹெப்சி அந்த வெள்ளையின் முன்னால் நின்றாள். தன் பெயருக்கு எத்தனை எழுத்து, அந்த இடத்தில் அடங்குமா என்று கண்ணால் அளந்தாள். அளந்ததற்காகத் தன்னையே கடிந்துகொண்டு, மறுபடியும் அளந்தாள். அடங்கும்.

போன் அடித்தது. இவான்.

"ஹெப்சி! பேசாம கேளு. நைனாகிட்ட இப்ப சொல்லாத. திருவிழாக் கூட்டம், கனகம்மாசத்திரத்துல பஸ்ஸு நகராம நின்னுகினு கீது. இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவேன்."

"லீவுல வர்றியா?"

"இல்ல. பெட்டியோட வர்றேன். கம்பெனி வேலைய விட்டுட்டேன்." அவன் குரல் இறங்கியது. "நைனா சொன்னத நானும் கொஞ்சம் கேட்டிருக்கலாம். இனிமே நம்ம வண்டி, நம்ம வேலை. ஏய், வண்டி பின்னாடி என் பேரு அப்படியே தான இருக்குது?"

பின்கதவில் வெள்ளை இன்னும் ஈரமாக மின்னியது. விரலால் தொட்டால் வந்துவிடும். துணியால் ஒரு துடை துடைத்தால், அடியிலிருந்து சிவப்பு எழுத்து அப்படியே எழுந்துவிடும்.

முன்னாலிருந்து சற்குணம் ஹாரன் அடித்தார்.

"யாரும்மா போன்ல? ஏறு, அம்மாகிட்ட நாமே போய்ச் சொல்லலாம்!"

ஹெப்சியின் ஒரு கையில் போன் இருந்தது. இன்னொரு கையில் உருளை துடைத்த ஈரத்துணி இருந்தது.